ஏழரை

முதலில் வந்தது குழல்.
பெங்களூரில் சுடுவதை விட்டுவிட்டு
கனடாவுக்குப் போன எவனோ ஒரு பையனுடையது.
ஆயிரத்து எண்ணூறு.
என்ன பொருள் என்று கேட்டான் கூரியர்காரன்.
இரும்புக் குழாய் என்றேன்.
பொய்யில்லை, அன்றைக்கு அது அவ்வளவுதான்.

சீட்டு விழுந்த மாசம்
சிலிண்டரும் ஸ்பிரிங்கும்.
காற்று கசியாமல் இருக்க ஒரு ரப்பர் வளையம்,
பாகலூர் ரோட்டு மோட்டார் கடையில், பன்னிரண்டு ரூபாய்.
எத்தனை எச்.பி. பம்புக்கும்மா?
ஒரு ஆள் பவர் என்றேன் சிரிக்காமல்.

கட்டைக்கு
உடைந்த கட்டிலின் தலைமாட்டுப் பலகை.
வேங்கை என்று சத்தியம் செய்தான் விற்றவன்.
சீவச் சீவ உதட்டில் கசந்தது தூள்.
வேம்பு.

கன்னம் சாய்க்கும் இடத்துக்கு
ஹவாய் செருப்பின் குதிகால்.
செருப்பிலயா மூஞ்சிய வெக்கிற, என்றாள்
அறைத்தோழி தெரசம்மா.
கழுவிட்டேன்.

ஓசூர் சிப்காட்டில் எனக்கு அளக்கிற வேலை.
ஷிப்டுக்கு ஆயிரத்து இருநூறு புஷ்.
இரண்டு மைக்ரான் கூடினாலும்
சிவப்புத் தொட்டியில் தள்ளுகிற கை இது.
அந்தக் கைக்கு வாய்த்ததோ
எதுவும் எதனோடும் பொருந்தாத துப்பாக்கி.
குழலுக்குச் சிலிண்டர் வாய் தொளதொள.
லேத்து நஞ்சுண்டன் ராத்திரி ஷிப்டில்
பித்தளை வளையம் ஒன்று கடைந்து தந்தான்.
கூலி:
அவன் பிள்ளைக்கு நாலு ஞாயிறு
பின்னக் கணக்கு.

விசைக்கு மட்டும் கஞ்சத்தனம் பார்க்கவில்லை.
புதுசு. மூவாயிரத்து நானூறு.
வெள்ளிக் கொலுசு அடகுக்கடைக்குத் தூங்கப் போனது.
ராயக்கோட்டை ரோட்டில் ஒரு மாசம்
பஸ்ஸை விட்டுச் சத்தமில்லாமல் நடந்தேன்.

எதுக்குடி இதெல்லாம்?
பள்ளிக்கூடத்து என்.சி.சி.யில்
ஐந்து தோட்டா கொடுத்தார்கள்.
சுட்டேன்.
அட்டையைப் பார்ப்பதற்குள் மழை,
எல்லாரையும் வேனில் ஏற்றிவிட்டார்கள்.
ஐந்தும் எங்கே போயின என்று
பதினோரு வருஷமாக யாரும் சொல்லவில்லை.

போட்டிக்குப் பத்து மீட்டர் வேண்டும்.
வாசற்படியிலிருந்து குளியலறைச் சுவர் வரை
டேப்பை இழுத்தால் ஏழரை.
காசு குடுத்து ஏழரைய வாங்கியிருக்க,
தெரசம்மா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்தாள்.
உட்கார்ந்தவள்தான் கேட்டாள்:
நடையில சுட்டா என்ன?

லைன் வீட்டு நடை.
ஒரே பக்கமாய் ஐந்து கதவு,
கடைசியில் தண்ணீர்த் தொட்டிச் சுவர்.
ஞாயிறு மதியம் பத்து நிமிஷம்
எல்லாரும் உள்ளே இருக்க வேண்டும்.
ரோஜாத் தோட்டத்து முனெம்மா
துணி காயுது என்றாள், பிறகு அவளே எடுத்தாள்.
ஒடிசாக்காரத் தம்பதிக்கு
கையால் சுட்டுக் காட்டிப் புரியவைத்தேன்.
பயந்தார்கள். அப்புறம் புரிந்தது.
சாதிக் பாஷா மட்டும் விலை கேட்டார்.
அந்தக் காசுக்கு ரெண்டு ஆடு வாங்கலாமே.

காலண்டரின் முதுகில் வளையல் வைத்து வட்டம்.
அதன் பின்னே பழந்துணி திணித்த டின்.
ஒவ்வொரு தாழ்ப்பாளாய் விழுந்த சத்தத்தை
எண்ணினேன். ஐந்து.
யாரும் யாருக்கும்
இவ்வளவு அமைதியைச் சும்மா தருவதில்லை.

மூச்சில் பாதியை விட்டு, பாதியை வைத்து.
விசை
மைக்ரோமீட்டரின் கிளிக் போலவே விட்டுக்கொடுத்தது.
ஐந்து முறை.

நடந்து போய்ப் பார்த்தேன்.
வளையல் வட்டத்துக்குள் ஒன்றுமில்லை.
நாலு விரல் கீழே
ஒரு ரூபாய்க் காசு மறைக்கிற இடத்துக்குள்
ஐந்து ஓட்டை.
வேறு வேறு ஊரில் பிறந்த இரும்புகளும்
ஒரு வேப்பம்பலகையும் செருப்பும்
ஒரே தப்பைச் சேர்ந்து செய்திருக்கின்றன.
இதைச் சிவப்புத் தொட்டியில் போட மாட்டேன்.

பின்குறியின் திருகு இனி ஏறாது.
பிஸ்கட் பாக்கெட்டின் வெள்ளித்தாளை
நாலாய் மடித்து அடியில் கொடுத்தேன்.

மூன்றாம் கதவுக்குப் பின்னாலிருந்து முனெம்மா:
தெறக்கலாமா?

இன்னும் ஒண்ணு, என்றேன்.